பழைய வீவக வீடுகள் புதுப்பிக்கப்படும்போது: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோ பாயோ, குவீன்ஸ்டவுன், அங் மோ கியோ, பிடோக் போன்ற பழைய பேட்டைகளில் இருப்பவர்களுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடமிருந்து, அதாவது வீவகவிடமிருந்து, ஒரு கடிதம் வந்துவிட்டால் போதும், வீட்டில் வேறு பேச்சே இருக்காது. இடிக்கப் போகிறார்களா, பழுதுபார்க்கப் போகிறார்களா, நம் கையிலிருந்து எவ்வளவு போகும், அம்மா அப்பாவை அதுவரை எங்கே வைத்துக்கொள்வது என்று கேள்விகள் வரிசைகட்டி வரும். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். முடிவெடுக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கும் வயதானவர்களையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பல பதில்களில் அது தலைகாட்டும்.

இல்ல மேம்பாடு, ஒட்டுமொத்த மறுமேம்பாடு என்று என்னென்னவோ சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. முதலில் இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இல்ல மேம்பாட்டுத் திட்டத்தில் உங்கள் வீடு அப்படியே இருக்கும், உள்ளே பழுதுபார்ப்பார்கள். ஆங்கிலச் சுருக்கப்படி எல்லாரும் 'ஹிப்' என்கிறார்கள். அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் புளோக்குக்கு வெளியே நடப்பது: கூரையிட்ட நடைபாதை, விளையாட்டிடம், உடற்பயிற்சி மூலை போன்றவை. ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது 'செர்ஸ்' திட்டத்தில், புளோக்கையே அரசு எடுத்துக்கொள்ளும். இழப்பீடு தந்து புது வீடு வாங்கவும் வழிசெய்யும். 'வெர்ஸ்' என்பது இனி வரப்போகும், குடியிருப்பாளர்களே வாக்களித்து முடிவு செய்யும் மறுமேம்பாட்டுத் திட்டம்.

கடிதம் வந்ததும் இவற்றில் எது என்று முதலில் பாருங்கள். மின்தூக்கியில் கேட்ட பேச்சை நம்பி வீட்டை விற்கக் கிளம்ப வேண்டாம்.

ஹிப் எந்த வீடுகளுக்கு? என்ன செய்து தருகிறார்கள்?

2007-ல் அறிவித்தபோது 1986 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கு மட்டும் என்றிருந்தது. 2018 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அதை 1997 வரை கட்டப்பட்ட வீடுகளுக்கும் விரிவுபடுத்தினார். அதனால் ஏறத்தாழ 2,30,000 வீடுகள் கூடுதலாகத் தகுதி பெற்றன. வீட்டுக்கு 60, 70 வயது ஆகும்போது இரண்டாவது முறையும் இதைச் செய்வோம் என்று அதே உரையில் அறிவித்தார்கள்.

வேலைகள் இரண்டு வகை. கட்டாயப் பணிகளில் பெயர்ந்த கான்கிரீட்டைச் சரிசெய்வது, பழைய கழிவுநீர்க் குழாய்களை மாற்றுவது, மின்சாரத் தாங்குதிறனைக் கூட்டுவது, ஜன்னலுக்கு வெளியே துணிக்கழி செருகும் பழைய குழாய்களை எடுத்துவிட்டுப் புதிய உலர்த்தும் சட்டம் பொருத்துவது எல்லாம் வரும். விருப்பப் பணிகள் என்பவை குளியலறை, கழிப்பறை மேம்பாடு, புதிய வாசற்கதவு, இரும்புக் கம்பிக் கதவு, குப்பை போடும் வாய்க்குப் புது மூடி.

துணிக்கழி மாற்றத்தைப் பலர் சின்ன விஷயம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். ஈரத் துணி கோத்த மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, எட்டிச் சாய்ந்து, அந்தக் குழாய்க்குள் செருகுவது எவ்வளவு கனமான வேலை, எவ்வளவு ஆபத்தானது என்று அதை வருடக்கணக்கில் செய்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். எழுபது வயதில் மாடி ஜன்னலில் அதைச் செய்வதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

உத்தரத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. கட்டடம் விழுந்துவிடுமா?

பழைய வீடுகளின் குளியலறையிலும் சமையலறையிலும் இது அதிகம் தெரியும். முதலில் சுண்ணாம்பு உப்பி நிற்கும்; அப்புறம் பழுப்பு நிறக் கறை; ஒருநாள் கைப்பிடி அளவு சில்லு தரையில் கிடக்கும். வருடங்கள் போகப் போகக் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் ஊறி, கம்பிக்கு இருந்த இயல்பான பாதுகாப்பைக் குறைத்துவிடுகிறது. ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு பிடித்த கம்பி பருக்கும், பருத்த கம்பி மேலிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும்.

ஒரு மூலையில் பெயர்ந்ததால் புளோக்கே விழுந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் தலையில் விழுந்தால் காயம் நிச்சயம், விட்டுவைத்தால் பரவவும் செய்யும். மேலே சாயம் பூசி மறைக்காதீர்கள். பெயர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துருத்தடுப்பு பூசி, பிறகுதான் சாந்தால் அடைக்க வேண்டும்.

ஹிப் எப்போது வரும் என்றே தெரியவில்லை. மேல்வீட்டிலிருந்து இப்போதே தண்ணீர் சொட்டுகிறதே?

ஹிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். மாடிக்கும் மாடிக்கும் இடையிலான கசிவுக்கு வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவி இருக்கிறது. செலவில் பாதியை வீவக ஏற்கும். மீதிப் பாதியை மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் பகிர்ந்துகொள்வார்கள். கான்கிரீட் பெயர்ந்ததற்கும் இந்த உதவியைக் கேட்கலாம். மேல்வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதைச் சொல்லுங்கள். தனக்கு வரும் செலவு கால்பங்குதான் என்று தெரிந்ததும் கதவைத் திறந்து பேசுகிறவர்கள் உண்டு.

ஹிப்புக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

சிங்கப்பூர்க் குடிமக்களின் வீடுகளுக்குக் கட்டாயப் பணிகள் முழுவதும் அரசு செலவு. விருப்பப் பணிகளில் ஈரறை, மூவறை வீடுகள் 5 விழுக்காடும், நாலறை வீடு 7.5 விழுக்காடும், ஐந்தறை வீடு 10 விழுக்காடும், எக்ஸிகியூட்டிவ் வீடு 12.5 விழுக்காடும் ஏற்க வேண்டும். ஓரறை வீட்டுக்கும் 5 விழுக்காடுதான். நிரந்தரவாசிகள் மட்டும் இருக்கும் வீடுகளுக்குக் கணக்கு வேறு, அவர்கள் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

வெளியில் ஒரு குளியலறையை உடைத்துக் கட்ட ஒப்பந்தக்காரரிடம் விலை கேட்டவர்களுக்கு இந்தச் சலுகையின் அளவு புரியும். பணம் மட்டும்தான் தயக்கம் என்றால் தயங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

வாக்களிப்பு எதற்கு? நான் ஒருவன் போடாவிட்டால் என்ன?

புளோக்கில் தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் குறைந்தது 75 விழுக்காடு ஆதரித்தால்தான் ஹிப் நடக்கும். வீட்டுக்கு ஒரு வாக்கு. கணக்கு மொத்த வீடுகளை வைத்துத்தான், வந்து வாக்களித்தவர்களை மட்டும் வைத்து அல்ல. அதாவது நீங்கள் போகாமல் இருப்பது, நீங்கள் நினைக்காவிட்டாலும், 'வேண்டாம்' என்ற பக்கம்தான் சேர்கிறது.

பெரும்பாலான புளோக்குகளில் ஆதரவு எளிதாகக் கிடைத்துவிடுகிறது. அதனாலேயே பலர் இதை ஒரு சடங்காக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாக்களிப்புக்கு முன் புளோக்கின் கீழ்த்தளத்திலோ பக்கத்திலோ கண்காட்சி வைப்பார்கள். ஓடு எப்படி இருக்கும், கதவு எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்கலாம், அதிகாரியிடம் நேரடியாகக் கேட்கலாம். பெரியவர்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அந்தக் குளியலறையை நாள் முழுக்கப் பயன்படுத்தப் போகிறவர்கள் அவர்கள். தரை வழுக்குமா, படி எவ்வளவு உயரம், பிடித்துக்கொள்ள எங்கே கம்பி வேண்டும் என்று அவர்கள் கேட்பதுதான் சரியான கேள்வியாக இருக்கும். அலுவலகத்தில் இருக்கும் மகன் கைப்பேசியில் படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற விஷயம் இல்லை இது.

ஒப்புதல் கிடைத்தபின் 'எங்கள் வீட்டுக்கு வேண்டாம்' என்று சொல்லலாமா?

விருப்பப் பணிகளை மறுக்கலாம். கட்டாயப் பணிகளை மறுக்க முடியாது. கழிவுக்குழாய் மேலிருந்து கீழ்வரை ஒரே குழாய் என்பதால் நடுவில் ஒரு வீடு மட்டும் விலகிக்கொள்ள வழியில்லை.

சமீபத்தில்தான் நிறைய செலவழித்துக் குளியலறை செய்தோம் என்பவர்களின் வருத்தம் நியாயமானது. அவர்கள் மேம்பாட்டை மறுத்தாலும், குழாய் மாற்றும்போது அதைச் சுற்றியுள்ள ஓடுகளைத் தொடத்தான் வேண்டியிருக்கும். எந்த இடம் உடைபடும், அங்கே எந்த ஓடு வைத்து மூடுவார்கள் என்று வேலை தொடங்குமுன் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1997 வரை கட்டிய வீட்டில் இருந்து இன்னும் ஹிப் வராதவர்கள் பெரிய குளியலறைச் செலவைக் கொஞ்சம் தள்ளிப்போட முடிந்தால் போடுங்கள்.

வேலை நடக்கும் நாட்களில் வீட்டில் இருக்க முடியுமா?

முடியும், பெரும்பாலோர் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குள் நடக்கும் வேலை சுமார் பத்து வேலை நாட்களுக்குள் முடியும்படி திட்டமிடுகிறார்கள். கழிப்பறை இல்லாத நாட்களுக்குத் தற்காலிகக் கழிப்பறை தருவார்கள். ஆனால் சத்தத்தையும் தூசியையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். மேல்வீட்டில் ஓடு உடைக்கும்போது இருவர் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்காது. உங்கள் வீட்டு வேலை முடிந்தாலும் மேலும் கீழும் பக்கத்திலும் தொடர்ந்துகொண்டேயிருக்கும்.

படுக்கையில் இருப்பவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள், மறதிநோய் உள்ளவர்கள் இருந்தால் அந்த நாட்களுக்கு வேறு வீட்டுக்கு அழைத்துப் போவதே நல்லது. மறதிநோய் உள்ளவர்களுக்கு, பழகிய கழிப்பறை இருந்த இடம் ஒருநாள் காலையில் வெறும் சிமெண்டாக இருப்பது பெரிய குழப்பம். ஒப்பந்தக்காரரின் தொடர்பு அதிகாரியிடம் நிலைமையைச் சொன்னால் தேதியை மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். முன்கூட்டியே சொல்ல வேண்டும், முதல்நாள் இரவில் சொன்னால் நடக்காது.

நம் வீடுகளுக்கென்று இரண்டு விஷயம். பூஜை மாடம் சமையலறை ஓரத்தில் இருந்தால் படங்களையும் விளக்குகளையும் துணி சுற்றி அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள், கான்கிரீட் தூசி எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டினால் எளிதில் போகாது. தீபாவளியோ பொங்கலோ வீட்டு விசேஷமோ வேலை நடக்கும் காலத்தில் வந்தால், அட்டவணை போடும்போதே சொல்லிவிடுங்கள். வாயைத் திறந்து கேட்டால்தான் அவர்களுக்குத் தெரியும்.

பிடிகம்பிகளுக்கும் ஹிப் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். மூத்தோருக்கான 'ஈஸ்' திட்டம் 2012 முதல் இருக்கிறது. வழுக்காத தரை, பிடிகம்பி, சாய்தளம் ஆகியவற்றுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். 2024-ல் மடக்கும் குளியல் இருக்கை போன்றவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். 65 வயதானவர் வீட்டில் இருந்தால் போதும். 60 முதல் 64 வயதுக்குள் இருந்து அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுபவர்களும் கேட்கலாம். இங்கும் குடிமக்கள் கட்டுவது செலவில் சிறு பங்குதான். அம்மா ஒருமுறை வழுக்கி விழுந்தபிறகு விண்ணப்பிக்கும் வீடுகளை நிறைய பார்க்கிறேன். விழுவதற்கு முன் விண்ணப்பியுங்கள், தயவுசெய்து.

எங்கள் புளோக் பழசு. செர்ஸ் வருமா?

வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். செர்ஸ் 1995 ஆகஸ்ட்டில் தொடங்கியது. முதல் இடம் தியோங் பாரு பக்கம் பூன் தியோங் ரோடு. அதற்குப் பிறகு 80-க்கும் மேற்பட்ட இடங்கள் தேர்வாகியிருந்தாலும், 2017-ல் அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் லாரன்ஸ் வோங் எழுதியபடி பார்த்தால் அது மொத்த வீவக வீடுகளில் 4 விழுக்காடுதான். செர்ஸுக்கு ஏற்ற வீடுகள் மொத்தத்தில் 5 விழுக்காடு மட்டுமே என்றும் 2018-ல் அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. வயது மட்டும் போதாது; அந்த நிலத்தில் இன்னும் அதிக வீடுகள் கட்ட இடமிருக்க வேண்டும், குடும்பங்களை மாற்றி வைக்கப் பக்கத்தில் நிலம் கிடைக்க வேண்டும்.

இது தெரியாமல், 'எப்படியும் செர்ஸ் வரும்' என்று நம்பி, 99 ஆண்டுக் குத்தகையில் மிச்சக்காலம் குறைந்த வீட்டை அதிக விலைக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வீடு விற்பவர் அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

செர்ஸ் வந்தால் லாபம்தானே?

எல்லாருக்கும் அல்ல. 2022 ஏப்ரலில் அங் மோ கியோ அவென்யூ 3-ல் 562 முதல் 565 வரையான நான்கு புளோக்குகளுக்கு அறிவித்தபோது நடந்ததைப் பாருங்கள். ஏறத்தாழ 600 குடும்பங்கள். வீடுகள் 1979, 1980 வாக்கில் கட்டப்பட்டவை, குத்தகையில் மிச்சம் சுமார் 57 ஆண்டு. இழப்பீடு அன்றைய சந்தை மதிப்பின்படி, அதாவது 57 ஆண்டு மிச்சமுள்ள வீட்டின் விலை. மாற்று வீடோ 99 ஆண்டுக் குத்தகை கொண்டது. அதே அளவு புது வீடு வாங்கக் கையிலிருந்து பெருந்தொகை போட வேண்டியிருக்குமே என்று பல மூத்தோர் பதறினார்கள். வீட்டுக்கடன் எல்லாம் அடைத்து நிம்மதியாக இருந்தவர்கள் அவர்கள்.

கேள்வி பெரிதானபின் வீவக 50 ஆண்டுக் குத்தகையில் மாற்று வீடு வாங்கும் வழியையும் கொடுத்தது. எழுபது வயதுக்காரருக்கு 50 ஆண்டு தாராளம், செலவும் குறைவு. இந்த வழி குடியிருப்பாளர்கள் வாய்திறந்து கேட்டதால் வந்தது என்றே நான் பார்க்கிறேன். அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே 'என் வீட்டின் மிச்சக் குத்தகை எவ்வளவு, புது வீட்டுக்கு எவ்வளவு, வித்தியாசம் யார் போடுவது' என்று கணக்குப் போட்டுவிடுங்கள்.

செர்ஸை மறுக்க வழியில்லை. அது சட்டப்படி நிலம் எடுக்கும் நடவடிக்கை, அங்கே வாக்களிப்பு கிடையாது.

புது வீடு நல்லாத்தானே இருக்கும்? அப்பா ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறார்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

தகோட்டா கிரசண்ட் 1958-ல், வீவக தொடங்குவதற்கு முன்பே, சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் கட்டிய குடியிருப்பு. உயரம் குறைந்த செங்கல் புளோக்குகள், நடுவில் முற்றம், புறா வடிவ விளையாட்டிடம். 2014-ல் மறுமேம்பாடு அறிவித்து, 2016 இறுதிக்குள் வாடகைக்கு இருந்தவர்கள் காசியா கிரசண்டுக்கு மாறினார்கள். நடந்து போகும் தூரம்தான். வீடும் புதுசு, மின்தூக்கியும் உண்டு. ஆனாலும் பல முதியவர்களுக்கு அது பெரிய இழப்பாகவே இருந்தது. முன்பு முற்றத்தில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் முகம் தெரியும். யாரையாவது இரண்டு நாள் காணோம் என்றால் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். உயர்ந்த புளோக்கில் நீளமான தாழ்வாரத்தில், வேறு வேறு மாடியில் சிதறியபின் அது தானாக நடக்கவில்லை. ஆறு புளோக்குகளைப் பாதுகாப்பது என்று 2017-ல் முடிவாகி, சுவர்கள் பிழைத்துக்கொண்டன. அங்கே இருந்த மனிதர்கள் அதற்கு முந்தைய வருடமே போய்விட்டார்கள்.

குவீன்ஸ்டவுன் பேட்டையின் தங்ளின் ஹால்ட்டிலும் இதே கதைதான், அளவு பெரிசு. 2014-ல் அறிவித்த செர்ஸில் 31 புளோக்குகள், 3,480 வீடுகள். பக்கத்திலேயே காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம் இருக்கிறது, ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்கள் தொடங்கிய கோயில். கோயில் அங்கேயே நிற்கிறது. வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்து, வழியில் காப்பி குடித்து, நாலு பேரிடம் பேசிவிட்டுத் திரும்பிய காலை நேரம் பலருக்கு மாறிவிட்டது. மாற்றாக டாசனில் கிடைத்த புது வீடுகள் தரமானவை, அதில் சந்தேகமில்லை. அப்பா வருத்தப்படுவது அந்தக் காலை நேரத்துக்காக இருக்கலாம்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. செர்ஸில் வீடு தேர்ந்தெடுக்கும்போது உறவினரோ பழைய அண்டைவீட்டாரோ சேர்ந்து, பக்கத்துப் பக்கத்தில் வீடு எடுக்க விண்ணப்பிக்கலாம். இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. உயரமான மாடி, காட்சி, விலை என்று பார்த்துத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, குடிபோனபின் யாருமில்லை என்கிறார்கள். அப்பா தினமும் யாரோடு காப்பி குடிக்கிறார் என்று கேளுங்கள். அந்த நண்பரின் பிள்ளைகளிடம் இப்போதே பேசுங்கள்.

மின்தூக்கி நிற்காத மாடிகள் இன்னும் இருக்கின்றனவா?

குறைவு. முன்பு பல புளோக்குகளில் முதல், ஐந்தாம், ஒன்பதாம் மாடி என்று சில மாடிகளில் மட்டும் நிற்கும். 2001-ல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் பெரும்பாலான இடங்களில் அதை மாற்றிவிட்டது. செலவோ கட்டட அமைப்போ ஒத்துவராத சில புளோக்குகள் மட்டும் மிச்சம்.

99 ஆண்டு முடிந்தால் என்ன ஆகும்? வெர்ஸ் அதற்குத்தானா?

குத்தகை முடிந்தால் வீடு அரசிடம் திரும்பிப் போகும், இழப்பீடு இல்லை. கேலாங் லோரோங் 3-ல் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்த 191 தனியார் தரைவீடுகள் 2020 இறுதியில் அப்படித்தான் அரசிடம் திரும்பின. வீவக வீடுகளுக்கு அந்த நாள் வர இன்னும் பல வருடம் இருக்கிறது.

ஒரே சமயத்தில் கட்டிய நகரங்கள் ஒரே சமயத்தில் குத்தகை முடிந்து காலியாகாமல், படிப்படியாகப் புதுப்பிக்கத்தான் வெர்ஸ். 2018-ல் அறிவித்தார்கள். 70 வயதைத் தாண்டிய வீடுகளுக்கு வரும்; குடியிருப்பாளர்கள் வாக்களிப்பார்கள்; செர்ஸ் அளவுக்குத் தாராளமாக இருக்காது என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள். மிச்சக் குத்தகை குறைவாக இருப்பதால் இழப்பீடும் குறைவாகத்தான் வரும். அங் மோ கியோ கணக்கை இன்னும் குறைந்த ஆண்டுகளோடு போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். ஆகவே, வெர்ஸை நம்பி ஓய்வுக்காலச் சேமிப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

மேம்பாட்டுக்கும் தேர்தலுக்கும் சம்பந்தம் உண்டா?

ஒரு காலத்தில் வெளிப்படையாகவே இருந்தது. 1997 பொதுத் தேர்தலில் பிரதமர் கோ சோக் டோங், ஆளுங்கட்சியை அதிகம் ஆதரிக்கும் பகுதிகளுக்கு மேம்பாட்டில் முன்னுரிமை என்று அறிவித்தார். சியாம் சீ தோங் நீண்ட காலம் எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்த போத்தோங் பாசிர் மக்கள் மேம்பாட்டுக்கு நெடுநாள் காத்திருந்தார்கள். மின்தூக்கி நிற்காத மாடியில் ஏறும் முழங்காலுக்குக் கட்சி தெரியாது. அந்தக் கொள்கை தவறு என்பதே என் கருத்து.

வீவகவின் வாடகை வீட்டில் இருக்கும் மூத்தோருக்கு இதில் என்ன பங்கு?

வாக்கு இல்லை, இழப்பீடும் வீட்டு உரிமையாளருக்குக் கிடைப்பதுபோல் இல்லை. புளோக்கை எடுத்தால் வேறு வாடகை வீட்டுக்கு மாற்றுவார்கள். இவர்களில் பலர் தனியாக இருப்பவர்கள், ஆங்கிலக் கடிதத்தைப் படிக்க முடியாதவர்களும் உண்டு. உங்கள் புளோக்கிலோ பக்கத்திலோ அப்படி ஒருவர் இருந்தால் கடிதத்தை வாங்கிப் படித்துக் காட்டுங்கள். தேதி என்ன, எங்கே போகிறார், சாமான்களைக் கட்டித் தூக்க ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வீவக கிளை அலுவலகத்துக்கோ, நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கோ கூடவே போங்கள். மாறியபின் முதல் ஒன்றிரண்டு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்தச் சமயத்தில்தான் அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வராமல் முடங்கிவிடுகிறார்கள்.